துரு கற்றுக்கொள்வதில்லை

தமிழில் டார்வினைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் தொடங்கிக் குரங்கில் முடிந்துவிடுகின்றன. நடுவில் கலாபகஸ் தீவுகள் ஒருமுறை வந்துபோகும். படித்து முடிப்பவர் மனதில் தங்குவது இரண்டு எண்ணங்கள்தான். ஒன்று, பரிணாமம் என்பது எப்போதோ, எங்கோ, கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்து முடிந்துவிட்ட சங்கதி. மற்றொன்று, அது கீழிருந்து மேலே ஏறும் ஒரு படிக்கட்டு. உச்சிப்படியில் நாம் நிற்கிறோம். இரண்டும் தவறு. இந்தத் தவறுகளுக்கு நம் எழுத்துமுறையும் நாம் கையாளும் சொற்களும் பெரிய அளவில் பொறுப்பு என்பது என் எண்ணம். அதை நிறுவுவதற்குக் கலாபகஸ்வரை போகவேண்டியதில்லை. சேலத்திலிருந்து மலையேறினால் போதும்.

ஏற்காட்டைச் சுற்றி வாழவந்தி, நாகலூர் போன்ற ஊர்களில் காப்பி விளைகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச்செடி நிற்பது சேர்வராயன் மலையின் வழக்கமான காட்சி. பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு, மலையாளிப் பழங்குடியினரின் சிறு தோட்டங்களும் உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது மாவட்ட வரலாறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்த மலையில் நிற்கும் அந்தச் செடிக்கு ஒரு பகையும் உண்டு. மழைக்காலத்தில் இலையின் மேற்புறம் மஞ்சள் பொட்டுகள் தோன்றும். இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டும். சில வாரங்களில் இலை உதிரும். இலை இழந்த கிளை காயும். அடுத்த ஆண்டு மகசூல் விழும். இலைத்துரு என்று இதைச் சொல்கிறார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையின் வேலை இது. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து.

இந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1869ஆம் ஆண்டில். மாதிரி போனது இலங்கையிலிருந்து. அப்போது இலங்கையின் மத்திய மலைநாடு முழுவதும் காப்பி. காட்டை அழித்து, மலைச்சரிவுகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே பயிரை நட்டிருந்தார்கள். அதில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்கள் போனார்கள். தேயிலையோடு சேர்த்தே நாம் பேசிப் பழகிவிட்ட மலையகத் தமிழரின் வரலாறு உண்மையில் காப்பியில்தான் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளுக்குள் துரு அந்தக் காப்பியைத் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. இதை ஆராய்வதற்கென 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், துருவின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கியதோடு, இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதுதான் இந்த அளவு அழிவுக்கு வழிவிட்டது என்றும் சொன்னார். தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தது மருந்தை. அவர் கொடுத்ததோ விளக்கம். விளக்கத்துக்கு அன்று மதிப்பில்லை.

அதே 1869ஆம் ஆண்டில்தான் டார்வின் தம்முடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கிய, நாம் 'தக்கன பிழைத்தல்' என்று மொழிபெயர்க்கும் சொற்றொடர், அந்தப் பதிப்பில்தான் முதன்முதலாக அந்த நூலுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளிலும் அது இல்லை. இந்தச் சொற்றொடர் செய்த குழப்பம், துரு செய்த அழிவுக்கு இளைத்ததன்று.

*

இலங்கையை அடுத்துத் தென்னிந்தியாவிலும் துரு வந்தது. இங்கே காப்பி முழுதாக அழியவில்லை. ஆனால் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால், இயற்கைத் தேர்வுக்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவைப்படாது.

முதலில் இருந்தது 'சிக்' என்று அழைக்கப்பட்ட பழைய ரகம். அது துருவிடம் தோற்றது. 'கூர்க்' ரகம் வந்தது. சில காலத்தில் அதுவும் தோற்றது. 1911 வாக்கில் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர், சுற்றிலும் செடிகள் துருப்பிடித்து நிற்கையில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டு அதன் விதைகளை எடுத்துப் பெருக்கினார். 'கென்ட்ஸ்' ரகம் பிறந்தது. தோட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் நீடிக்கவில்லை, கென்ட்ஸ் செடிகளிலும் துரு தோன்றியது. 1925இல் தொடங்கப்பட்ட பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வில்சன் மேய்ன், 1930களில் இதற்குக் காரணம் கண்டார். துரு என்பது ஒன்றல்ல. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் துருவில் பல இனங்கள் உண்டு. ஓர் இனம் கென்ட்ஸ் இலைக்குள் நுழையமுடியாமல் மடிகிறது, மற்றோர் இனம் தடையின்றி நுழைகிறது.

பிறகு லைபீரிகா என்ற வேறொரு காப்பி இனத்தின் எதிர்ப்புத்தன்மை கலந்த எஸ்.795 என்ற ரகம் 1940களில் வந்தது. இன்றும் இந்திய அராபிகாத் தோட்டங்களில் பரவலாக நிற்பது இதுவே; ஆனால் துரு இதையும் தொட்டுவிட்டது. திமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து உருவான செடியின் வழிவந்த 'காவேரி' 1985இல் வெளியிடப்பட்டது. அதன் எதிர்ப்பும் தளர்ந்தது. 2007இல் 'சந்திரகிரி' வந்தது. இதற்கிடையே உலகெங்கும் கண்டறியப்பட்ட துரு இனங்களின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இந்த வரிசையை நம்மில் ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவார்? 'துரு புதிய ரகத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது', 'பூஞ்சை பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டது' என்றுதான் எழுதுவார். வாசிக்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் நடந்தது அதுவன்று. எந்தத் துரு வித்தும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கென்ட்ஸ் இலையில் விழுந்து நுழையமுடியாமல் போன வித்து, முயன்று பார்த்துத் தேறவில்லை, செத்துப்போனது. மாறியது வித்து அல்ல, வித்துகளின் கூட்டம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர் இயற்கைத் தேர்வைப் பிடித்துக்கொண்டவர். இதைத் தவறவிட்டவர் எத்தனை நூல் படித்தாலும் டார்வினை அன்றி லமார்க்கையே படித்தவராகிறார்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் பத்து லட்சம் துரு வித்துகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் உயிர் தன்னைப் படியெடுக்கும்போது எங்கோ ஒரு பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை, சில கேடானவை. பத்து லட்சத்தில் ஒரு வித்துக்கு நேர்ந்த பிழை, கென்ட்ஸ் செடியின் காவலுக்கு அதை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டதாகக் கொள்வோம். தோட்டம் முழுவதும் பழைய 'சிக்' செடிகளாக இருக்கும்வரை இந்தப் பிழையால் ஒரு லாபமும் இல்லை. எல்லா வித்தும் நுழைகிறது, இதுவும் நுழைகிறது. பத்து லட்சத்தில் ஒன்றாகவே அது காலம் தள்ளும், அல்லது தற்செயலாக அழிந்தும்போகும். இப்போது பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, தோட்டம் முழுவதும் கென்ட்ஸ் நடுகிறோம். 9,99,999 வித்துகளுக்கும் கதவு அடைபட்டது. ஒன்றே ஒன்று நுழைகிறது. அதன் பொட்டிலிருந்து கிளம்பும் ஏராளமான வித்துகளில் நூறு மட்டும் நல்ல இலையில் விழுந்து பிழைத்தால்கூட, மூன்றே தலைமுறையில் மீண்டும் பத்து லட்சம். துருவின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு மழைக்காலத்திலேயே கணக்கு முடிந்துவிடும். காப்பிச்செடியோ நட்ட பிறகு காய்க்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் எடுக்கும்.

இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்கவேண்டும். அந்த வேறுபாடு சந்ததிக்குப் போகவேண்டும். அதனால் சிலர் மற்றவர்களைவிட அதிகமாகப் பிள்ளை பெறவேண்டும். மூன்றும் இருந்தால் கூட்டம் மாறியே தீரும். யாரும் விரும்பவேண்டியதில்லை, திட்டமிடவேண்டியதில்லை.

'பிழை முதலில் வந்ததா, தேவை முதலில் வந்ததா?' என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. இதற்கு 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இணையர் ஓர் எளிய சோதனையால் விடை தந்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகளை வெல்வெட் துணியில் ஒற்றி, அதே அமைப்பில் பல தட்டுகளில் பதித்தார்கள். அந்தத் தட்டுகளில் மருந்து இருந்தது. எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் இருந்த திட்டுகள்தாம் பிழைத்தன. மூலத்தட்டில் அதே இடத்துக்குத் திரும்பிப்போய், மருந்தையே கண்டிராத அந்தத் திட்டை எடுத்துச் சோதித்தபோது, அது ஏற்கெனவே மருந்தைத் தாங்குவதாக இருந்தது. தேவை மாற்றத்தை உண்டாக்கவில்லை. இருந்த மாற்றத்துக்குத் தேவை இடம் கொடுத்தது.

*

இனி சொற்களுக்கு வருகிறேன். 'பரிணாம வளர்ச்சி' என்று நாம் எழுதுகிறோம். இதில் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு எந்த வேலையும் இல்லை. கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் பல ஆண்டுகள் ஃபிஞ்ச் குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், நம் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த கடினமான முள்விதைகள் எஞ்சின. அலகு தடித்த குருவிகள் கூடுதலாகப் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்தது. 1982-83இல் பெருமழை. சிறு விதைகள் பெருகின. இப்போது சிறியவற்றின் கை ஓங்கியது. சில ஆண்டுகளுக்குள் தேர்வு ஒரு திசையில் போய் எதிர்த்திசையில் திரும்பியது. இதில் எது வளர்ச்சி, எது தளர்ச்சி?

'பரிணாமம்' என்ற சொல்லும் சுமையற்றதன்று. சாங்கியத்தின் பரிணாமவாதத்தில் பால் தயிராவது எடுத்துக்காட்டு. விளைவு காரணத்துக்குள் ஏற்கெனவே உறைகிறது, பிறகு வெளிப்படுகிறது என்பது அந்தத் தத்துவம். அழகான சிந்தனை, ஆனால் டார்வினின் சிந்தனைக்கு நேர் எதிரானது. டார்வினிடம் எந்தப் பாலும் தயிராவதில்லை. கூட்டத்தில் எவை கூடுகின்றன, எவை குறைகின்றன என்பதே அவர் கணக்கு. ஒரு பொருள் உருமாறுவதைச் சொல்லும் சொல்லை, ஒரு கூட்டத்தின் விகிதம் மாறுவதற்குப் பயன்படுத்துகிறோம். பிறகு மாணவர்களுக்குப் புரியவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் இதற்குக் 'கூர்ப்பு' என்ற சொல்லைக் கையாள்கின்றன. தொல்காப்பிய உரியியலில் கூர்ப்புக்குத் தரப்படும் பொருள், ஏற்கெனவே உள்ளது மிகுதல் என்பது. பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்தது பத்து லட்சமாக மிகுந்ததைத்தானே மேலே பார்த்தோம்? தொல்காப்பியர் டார்வினை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று கிளம்பும் கூட்டத்தில் நான் இல்லை. புதிய பிழைகள் தோன்றுவதை இந்தச் சொல் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தேர்வு என்ற செயலைப் பொறுத்தவரை 'வளர்ச்சி'யைவிட இது பலமடங்கு நேர்மையான சொல். ஈழத்தவர் எடுத்துக்கொண்டதை நாம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது யோசிக்கவேண்டியது.

'வல்லவன் வாழ்வான்' என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கென்ட்ஸ் தோட்டத்தில் வென்ற துரு, வலிமையான துரு அன்று. அந்த இடத்தில், அந்த ஆண்டில், அந்தச் செடிக்கு எதிரில் பொருந்திய துரு. மலைச்சரிவில் வேறு செடி நின்றிருந்தால் அது பத்து லட்சத்தில் ஒன்றாகவே இருந்திருக்கும். ஏழைகள் ஏழைகளாக இருப்பதற்கும், சிலர் தோட்டங்களின் உரிமையாளராகவும் சிலர் அவற்றின் கூலிகளாகவும் இருப்பதற்கும் இந்தச் சொற்றொடரைச் சான்றாக இழுப்பவர்கள், ஒரு பூஞ்சை நிகழ்த்திய விபத்தை அறமாக உயர்த்துகிறார்கள். இயற்கையில் நடப்பது எதுவும் அதனாலேயே நியாயமாகிவிடாது. பிழைத்தல் என்ற தமிழ்ச்சொல்லுக்கு உயிர்தப்புதல் என்றும் தவறுதல் என்றும் இரண்டு பொருள் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஆணவம் கொஞ்சம் அடங்கும்.

*

'சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு தூரம்?' என்று சிலர் நினைக்கலாம். சொல் தவறினால் செயலும் தவறுகிறது என்பதே என் கவலை. 'உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு' என்று படித்தவர்களும் சொல்கிறோம். பழகியது உடம்பன்று. மருந்து தாங்கும் கிருமிகள் மட்டும் உள்ளே மிகுந்துவிட்டன. உடம்பு பழகியது என்று நம்புகிறவர், அது தம் சொந்த விஷயம் என்று எண்ணி மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார். கிருமிக்கூட்டம் மாறியது என்று புரிந்தவருக்கு, தம் மூச்சுக்காற்றில் அது அடுத்த வீட்டுக்கும் போகும் என்பது தெரியும். காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுக்காமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்குப் பின்னால் உள்ள கணக்கும் நாம் மேலே போட்ட கணக்கே. ஒரு மருந்தைத் தப்பும் பிழை பத்து லட்சத்தில் ஒன்றுக்கு நேரலாம். இரண்டையும் ஒருசேரத் தப்பும் பிழை அதைப்போலப் பத்து லட்சம் மடங்கு அரிது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் உலகுக்குச் சொல்லித்தந்தவற்றில், ஏழைகளின் வீட்டிலேயே வைத்து இத்தகைய கூட்டுச் சிகிச்சையைத் தரமுடியும் என்பதும் ஒன்று.

தோட்டத்திலும் இதே கதைதான். 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று சொல்லி நாற்று தரும்போது, எந்த இனத் துருவுக்கு எதிர்ப்பு, அந்த எதிர்ப்பு எத்தனை காலத்துக்கு என்பதை யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பு என்பது செடியின் நிறம்போல நிலையான குணம் என்றே வாங்குபவர் நினைக்கிறார். சில ஆண்டுகள் கழித்து இலையின் அடியில் பொடி தெரியும்போது, 'விதை கெட்டுவிட்டது', 'நாற்றில் ஏமாற்றிவிட்டார்கள்' என்கிறார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கும், நடந்தே தீரும். வாழவந்தியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பழைய செடியைப் பிடுங்கிப் புது ரகம் நட்டால், மூன்று நான்கு ஆண்டு வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார். துருவுக்கு அது நாற்பது தலைமுறை. இந்த ஏற்றத்தாழ்வை அவரிடம் முன்கூட்டியே சொல்வது அறிவியலைக் கற்பிக்கும் கடமையோடு நின்றுவிடுவதில்லை. அது நேர்மையும்கூட.

தப்ப வழியே இல்லையா? ஓட்டத்தை நிறுத்தமுடியாது, மெதுவாக்கமுடியும். ஒரே ரகத்தை மலை முழுவதும் நடாமல், வெவ்வேறு வகை எதிர்ப்புள்ள ரகங்களைக் கலந்து நட்டால், ஒரு செடியிலிருந்து கிளம்பிய வித்து அடுத்த செடியில் மடிய வாய்ப்பு கூடுகிறது. ஒரு பிழையால் மட்டும் பத்து லட்சமாகிவிட முடியாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை நூறாண்டுக்கு மேலாகியும் பயனிழக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். செம்பு பூஞ்சையின் உயிரணுவை ஓரிடத்தில் அன்றிப் பல இடங்களில் தாக்குகிறது. ஒற்றைப் பிழையால் தப்பமுடியாது. ஒரே இடத்தைக் குறிவைக்கும் புதிய மருந்துகளை ஒரே பூஞ்சைக்கு ஓயாமல் அடித்தால், கென்ட்ஸின் கதை மருந்திலும் திரும்பும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது வேறுபாடு என்ற செல்வம். உலகின் அராபிகா முழுவதும் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காட்டுக் காப்பி இனங்கள் கலந்ததில் பிறந்தது. பயிராகப் பரவியதோ யேமனிலிருந்து போன சொற்ப விதைகளின் வழியாக. பாபா புதான் ஏழு விதை கொண்டுவந்தார் என்ற கதை வரலாறோ புனைவோ, அதன் எண்ணிக்கை நிலைமையைச் சரியாகவே சொல்கிறது. உறவுக்குள்ளேயே பெருகிய இந்தச் செடிக்குத் தன்னிடமிருந்து எடுத்துத் தர அதிகம் இல்லை. லைபீரிகாவிடமும் ரொபஸ்டாவிடமும் கடன் வாங்கித்தான் இதுவரை காலம் தள்ளியிருக்கிறது. எத்தியோப்பியக் காடுகளில் நிற்கும் காட்டு அராபிகா அழிந்தால் ஏற்காட்டின் நாளைய ரகத்துக்கான வித்தும் அழியும். பழைய தோட்டங்களின் மூலைகளில் பெயர் மறந்து நிற்கும் செடிகளைப் பிடுங்கி எறிவதும் அதே வகை இழப்புதான்.

மார்ஷல் வார்ட் 1880களில் சொன்னதைக் கேட்காதவர்கள் தம் காப்பியை இழந்தார்கள். அன்று இயற்கைத் தேர்வு புதிய செய்தி, புரியாமல்போனதை மன்னிக்கலாம். இன்று துரு இனங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறோம், மரபணுக்களின் பெயர் தெரியும், கணக்கும் தெரியும். இவற்றைத் தமிழில் சரியாகச் சொல்வதற்கான சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. வேளாண் துறையின் கையேட்டிலும், பள்ளிப் பாடநூலிலும், நம்முடைய கட்டுரைகளிலும் 'செடி நோயை வென்றது', 'துரு கற்றுக்கொண்டது' என்ற வாக்கியங்களைக் கைவிட்டு, எந்தக் கூட்டத்தில் எது மிகுந்தது, எதனால் மிகுந்தது என்று எழுதத் தொடங்குவது பெரிய செலவுள்ள காரியமன்று.